ஃபின்னிஷ் எண்கள்: வாய்க்கு வருது, காதுக்கு எட்டலை

"நூறு வரைக்கும் மனப்பாடம், ஆனா கடையில விலை சொன்னா ஒண்ணுமே புரியலை"ன்னு கேட்டிருந்தீங்க. உங்க மேல தப்பில்லை. புத்தகத்துல இருக்கிற மாதிரி இங்க ஃபின்லாந்துல யாரும் எண்ணைப் பேசுறதில்லை. யுக்ஸி (ஒண்ணு), கக்ஸி (ரெண்டு), வீஸி (அஞ்சு) எல்லாம் பேச்சுல யுக்ஸ், கக்ஸ், வீஸ். இருபத்தஞ்சு புத்தகத்துல கக்ஸிக்யும்மென்தவீஸி. கல்லாவுல இருக்கிறவங்க சொல்றது கக்ஸ்க்யுத்வீஸ். முதல்ல இந்தச் சுருக்கத்துக்குக் காதைப் பழக்குங்க.

குறில் நெடில்ல நமக்கு லாபம். ஆறு, 'கூஸி'. இதையே குறிலாக்கி 'குஸி'ன்னா மூத்திரம்! கறிக்கடையில ஆறு துண்டு கேக்கும்போது கவனம்.

எட்டு 'கஹ்தெக்ஸன்', ஒன்பது 'யுஹ்தெக்ஸன்'. எட்டுக்குள்ள ரெண்டு, ஒன்பதுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. பத்துக்கு ரெண்டு குறைச்சல், ஒண்ணு குறைச்சல்னு நான் ஞாபகம் வச்சுக்கிட்டேன். ஆனா மணி சொல்லும்போது இதுவே காலை வாரும்: 'கஹ்தெல்த'ன்னா ரெண்டு மணிக்கு, 'கஹ்தெக்ஸல்த'ன்னா எட்டு மணிக்கு. நடுவுல 'க்ஸ' வந்துச்சான்னு மட்டும் கேளுங்க.

பெரிய பள்ளம் அரை மணி. வந்த புதுசுல பல் டாக்டர் கிளினிக்ல இருந்து போன்ல 'புவொலி கொல்மெல்த' வரச் சொன்னாங்க. புவொலின்னா பாதி, கொல்மென்னா மூணு, அப்ப மூணரைதானேன்னு 3.20க்கே போய் ஜம்முனு உக்காந்தேன். அவங்க குறிச்சிருந்தது 2.30! வராததுக்குத் தண்டமும் அழுதேன். மூணாவது மணியில பாதிதான் ஓடியிருக்குங்கிறது அவங்க கணக்கு. 11க்கு 'யுக்ஸிதொய்ஸ்த'ன்னு சொல்றதும் இதே கணக்குதான்: ரெண்டாவது பத்துல ஒண்ணு. 'புவொலிதொய்ஸ்த'ன்னா ரெண்டாவதுல பாதி, அதாவது ஒண்ணரை (அளவுதான், மணி இல்லை). இப்பல்லாம் புவொலின்னு காதுல விழுந்தாலே, "நெல்யதொய்ஸ்த கொல்மெக்யுத்?"னு 24 மணிக் கணக்குல, அதாவது 14.30ஆன்னு, திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கிறேன்.

பிள்ளைங்க இருந்தா இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துல தேதி சொல்லாம வார எண் சொல்லுவாங்க. ஹெல்சிங்கி, எஸ்போ பக்கம் பனிச்சறுக்கு லீவு எட்டாவது வாரம், அதாவது பிப்ரவரி பின்பாதி. போன் காலண்டர் செட்டிங்ஸ்ல வார எண் தெரியுற மாதிரி இன்னைக்கே மாத்தி வச்சிருங்க.