சோடியம் லேம்ப் மஞ்சளாவே மாறல, யாராவது வழி சொல்லுங்க

எங்க காலேஜ் பிசிக்ஸ் லேப்ல இருக்கிறது ஒரே ஒரு சோடியம் வேப்பர் லேம்ப் தான், 35 வாட், லோ பிரஷர் டைப், தனி டிரான்ஸ்பார்மர் பெட்டியோட. ரெண்டு வாரமா ஆன் பண்ணா உள்ள இருக்கிற நியான் வாயு பத்திக்கிட்டு ரோஸ் கலர்ல எரியுது, வழக்கமா 10 நிமிஷத்துல மஞ்சளாயிடும், இப்ப 40 நிமிஷம் ஆனாலும் அதே ரோஸ் தான். நியூட்டன் வளையம் சோதனைல (லென்சுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவுல ஒளி உண்டாக்குற வட்டங்கள அளக்குறது) மைக்ராஸ்கோப்ல நடுவுல மூணு நாலு வளையம் தான் மங்கலா தெரியுது, அதுக்கு வெளிய எல்லாம் கலங்கிடுது, சோடியம் மஞ்சள் ஒளியோட அலைநீளம் 589.3 நானோமீட்டர்னு போட்டு கணக்கு பண்ணவே முடியாது. பசங்க ஒவ்வொருத்தரா கண்ண வச்சு பார்த்துட்டு ரீடிங் இல்லாம திரும்பிப் போறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு.

சப்ளை வோல்டேஜ் மல்டிமீட்டர்ல பார்த்தாச்சு, சரியா இருக்கு. ஹோல்டர் துடைச்சு டைட் பண்ணோம், ஃபேன நிறுத்திப் பார்த்தோம். அலமாரியில வருஷக்கணக்கா கிடந்த ஸ்பேர் பல்ப் மாட்டினாலும் இதே கதை. டிரான்ஸ்பார்மர் பெட்டிய மட்டும் திறக்கல, உள்ள ஹை வோல்டேஜ். பல்பும் உடைஞ்சிடக்கூடாதேன்னு பயம், சோடியத்துல தண்ணி பட்டா ஆபத்து.

டிரான்ஸ்பார்மர் கரண்ட் குறைவா கொடுக்குதா, இல்ல ரெண்டு பல்புலயுமே சூட்ட வெளிய விடாம வைக்கிற வெளி கண்ணாடியோட வேக்குவம் (காத்தில்லாத வெற்றிடம்) போயிடுச்சான்னு பெட்டிய திறக்காம எப்படி கண்டுபிடிக்கிறது?