துணி டயப்பரில் அம்மோனியா நெடி: வழி சொல்லுங்கள்

தோழிகளே, எட்டு மாத மகளுக்கு இரவும் பகலும் துணி டயப்பர்தான். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்; வாளி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். துவைத்துக் காய்ந்த டயப்பரில் வாடையே இல்லை. ஆனால் குழந்தை சிறுநீர் கழித்ததும் கண் எரிகிற நெடி! இன்சர்ட்டில் (டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சு துணி) தண்ணீர் விட்டால் உறிஞ்சாமல் முத்து முத்தாக நிற்கிறது. துணி மென்மையாக்கி எதுவும் சேர்ப்பதில்லை. கறையை வெயிலே போக்கிவிடுகிறது, அதில் குறையில்லை.

கடின நீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் இழைகளில் படிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சலவைச் சோடா சேர்க்கலாமா? ஒரு வாளிக்கு எவ்வளவு? மேலுறையின் நீர்புகாப் படலம் வெந்நீரில் கெட்டுவிடலாம் என்பதால், இன்சர்ட்டுகளை மட்டும் பிரித்து 60 டிகிரி நீரில் துவைக்கட்டுமா? பிள்ளையின் தொடை சிவந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் துவைத்துப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.