விமானி தம்பிக்குப் பகல் தூக்கம்: காட்பாடி, வேலூர் பக்கம் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பி உள்நாட்டு விமானம் ஓட்டுகிறான், வேலை சென்னையில், ஓய்வு நாட்களில் காட்பாடி வீட்டுக்கு வந்துவிடுவான். உடம்பு அசந்து விழுகிற விடியற்காலை மூன்று நாலு மணிக்குத்தான் சில நாள் விமானத்தைத் தரையிறக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் வீட்டுக்கு வந்து பகலில் படுத்தால் நம்ம ஊர் வெயிலில் மொட்டைமாடிச் சூடு அப்படியே அறைக்குள் இறங்கி, அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

2024-ல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதியைத் திருத்தி விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது, இரவுத் தரையிறக்கத்தையும் 6-லிருந்து 2 ஆகக் குறைத்தது. நடைமுறைக்கு வர 2025 ஆகிவிட்டது, அது தனிக்கதை. நல்ல விதிதான். ஆனால் இன்று விடியல் டூட்டி, நாலு நாளில் நடுராத்திரி டூட்டி என்று ரோஸ்டர் (பணி அட்டவணை) மாறினால் உடம்பு எதற்குத்தான் பழகும்? இப்போது நெஞ்செரிச்சல், எடை, பலமான குறட்டை எல்லாம் சேர்ந்திருக்கிறது.

தயவுசெய்து தூக்க மாத்திரை சொல்லாதீர்கள், விமானிகளுக்கான மருத்துவரைக் கேட்காமல் அவன் எதையும் தொடக்கூடாது.

எனக்குத் தெரிய வேண்டியது: குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்ய வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் முதலில் எந்தப் பிரிவில் சீட்டு போட வேண்டும், ஒரு ராத்திரி தங்க வேண்டுமா? ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் அக்காக்கள், ராணிப்பேட்டை கம்பெனிக்காரர்கள் பகலில் எப்படித் தூங்குகிறீர்கள், சாப்பாடு எந்த நேரத்தில்? வீட்டில் விமானி இருப்பவர்கள் இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.