1971 செவி சி10: 350 எஞ்சின் போடுவதா, 5.3 எஞ்சின் போடுவதா?

வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன். வண்டி 1971 செவர்லே சி10 பிக்கப். 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே மூன்று கியர். எட்டு மாதமாகக் கராஜை விட்டு நகரவில்லை.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் வெறும் 8 பிஎஸ்ஐக்கு (அழுத்த அளவு) இறங்குகிறது, அடியில் ‘டக் டக்’ சத்தம். கெட்டி ஆயில் ஊற்றினேன், கேஜை மாற்றினேன், பம்பையும் மாற்றினேன். கடைசியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டை (ஆயில் பான்) கழற்றினால் பேரிங் துகள் மின்னுகிறது! கிராங்க் தண்டை முன்பே யாரோ 30 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு) கடைந்திருக்கிறார்கள். மெஷின் ஷாப்காரர் கைவிரித்துவிட்டார்.

எஞ்சினையே மாற்ற இப்போது கையில் இரண்டு வழி. பழைய 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்), கார்பரேட்டரோடு: வி8 மவுண்ட், பெரிய ரேடியேட்டர் போட்டால் உட்கார்ந்துவிடும், வயரிங் தலைவலி இல்லை. இல்லையென்றால் 2004 செவி சில்வராடோ பிக்கப்பிலிருந்து 5.3 லிட்டர் வி8, கூடவே 4எல்60இ ஆட்டோ கியர்பாக்ஸ். சுலபமாக ஸ்டார்ட் ஆகும், மைலேஜும் தேவலை. ஆனால் 58 பிஎஸ்ஐ பெட்ரோல் பம்ப், தனி ஹார்னஸ் (வயர்க் கட்டு), இசியுவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) திருட்டுத் தடுப்பை நீக்குவது என்று செலவு நீள்கிறது. அதன் ஆயில் பான் வேறு கிராஸ்மெம்பருக்கு (சேஸியின் குறுக்குச் சட்டம்) கீழே தொங்கும், அதையும் மாற்ற வேண்டும். (மனைவிக்கு இந்தப் பட்டியலை இன்னும் காட்டவில்லை.)

பட்ஜெட் 4,000 டாலர். வெல்டிங் தெரியாது. வார இறுதியில் கால்வெஸ்டன் போய்வர 100 மைல், அவ்வளவுதான் ஓட்டம்.

இரண்டில் ஒன்றைச் சொந்தக் கையால் போட்டவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பணத்துக்குள் 5.3 உண்மையிலேயே முடியுமா, இல்லை 350தானா?