மறு: பழைய பாய்மரப் படகு விற்பனையில் ‘சர்வே’: கலநோட்டம் என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். பழைய படகு விற்பனை ஒப்பந்தத்தில் வரும் ‘சர்வே’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்பதில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘படகு அளவை’ போதும். நில அளவை, நில அளவையர் என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மொழிபெயர்ப்பது இங்கிலாந்தில் புழங்கும் விற்பனை ஒப்பந்தம். அங்கே பழைய படகு வாங்குகிறவர் அழைத்து வரும் சர்வேயர் அளந்து சொல்ல வருகிறவர் இல்லை. படகைக் கரையேற்றிய பிறகு, சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். ஃபைபர் உடல் உறுதியாக இருந்தால் ஓசை கணீரென்று வரும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். ஈரமானியை வைத்துப் பார்ப்பார். சுக்கானைப் பிடித்து ஆட்டுவார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களின் முனையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்.

வெஸ்டர்லி சென்டாரை எடுத்துக்கொள்வோம். 1969 முதல் இங்கிலாந்தில் 2000-க்கும் மேல் கட்டப்பட்ட 26 அடிப் படகு. இன்றும் பழைய படகுச் சந்தையில் கிடைக்கிறது. இதற்கு இரண்டு ஏராக்கள் (keel, படகின் அடியிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் பகுதி). நீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். அதனாலேயே ஏராக்கள் உடலோடு சேரும் இடத்தில் பாரம் ஏறி, அங்கே தளர்வு வருவது இந்த வகையில் தெரிந்த கோளாறு. விவரம் தெரிந்த சர்வேயர் முதலில் அந்த இணைப்பைத்தான் குனிந்து பார்ப்பார். இந்த வேலைக்கு அளவை என்று எப்படிப் பெயர் வைப்பது?

> ‘வாங்குமுன் ஆய்வு’ எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் ஒப்பந்தத்தின் வரிசை அதில் தொலைந்துவிடுகிறது. வாங்குகிறவர் முதலில் தானே போய்ப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், விலை படிகிறது. வழக்கமாக விலையில் 10 விழுக்காடு அச்சாரம் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சர்வே. செலவும் கரையேற்றும் கூலியும் வாங்குகிறவருடையவை. பெரிய குறை தெரியவந்தால் அச்சாரத்தைத் திரும்பப் பெற்று விலகலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், விற்பவரையே பழுதுபார்த்துத் தரச் சொல்லலாம். ஆக, பேரத்தின் இரண்டாம் சுற்றைத் திறப்பதே இதுதான். ‘ஆய்வு’ என்று மட்டும் எழுதினால் முதல் நாள் பார்த்துவிட்டு வந்ததும் ஆய்வு, இதுவும் ஆய்வு என்றாகி, எந்த ஆய்வுக்குப் பின் விலகலாம் என்ற வழக்கில் போய் நிற்கும்.

என் பரிந்துரை நோட்டம். நாணயத்தின் தரம் பார்ப்பதற்கு நம்மிடம் இருந்த சொல், பார்க்கிறவர் நோட்டக்காரர். தரம் சொல்வதும் அதை வைத்து மதிப்பு நிற்பதும் அதிலேயே இருக்கின்றன. கலநோட்டம் என்றால் கப்பலுக்கும் பொருந்தும். பேச்சில் படகு நோட்டம் என்றாலே போதும். விலை ‘நோட்டத்துக்கு உட்பட்டது’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

> ‘நோட்டம் விடுதல்’ என்றால் திருடன் வேவு பார்ப்பது போல இருக்கிறதே?

அது ‘விடு’ சேர்ந்ததால் வந்த பொருள். நோட்டம் பார்த்தல் வேறு. கலநோட்டம் என்று கூட்டுச்சொல்லாக எழுதும்போது அந்தக் குழப்பம் வராது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். கம்பிவடங்கள் பழையவை என்று விற்பவர் விளம்பரத்திலேயே சொல்லியிருந்தால், படிந்த விலை அதையும் சேர்த்துத்தான். நோட்டம் முடிந்ததும் அதையே காட்டி மறுபடி குறைக்கக் கேட்பது நியாயமில்லை. நல்ல விற்பனையாளர் அங்கேயே முறுக்கிக்கொள்வார். யாருக்கும் தெரியாமல் இருந்து நோட்டத்தில் வெளிவந்ததைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதற்குக் ‘காணாக்குறை’ என்று எழுதியிருக்கிறேன். கையில் பழுதுபார்க்கும் பட்டறையின் செலவு மதிப்பீடு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கடலில் ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், ஆனால் புதுக் கலத்துக்கும் புதுத் தேருக்கும் உரியது. பழைய படகுக்கு ‘ஓட்டச் சோதனை’ சரியாக இருக்கும்.

அடமானம், கடன் பாக்கிக்கு ‘வில்லங்கம்’ என்ற சொல் இருக்கவே இருக்கிறது. பிரிட்டனின் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் (Part I) படகின் உரிமை 64 பங்குகளாகப் பதிவாகும், அடமானமும் அதில் தெரியும். அதிலேயே இன்னொரு பகுதியான சிறு கலப் பதிவேடு (Small Ships Register) உரிமைக்குச் சான்றாகாது. எனவே ‘வில்லங்கம் பார்த்தல்’ என்ற பிரிவைக் கலநோட்டத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறேன்.

இனி முடிவாக வேண்டியது நோட்டம் பார்க்கிறவரின் பெயர். விற்பவர் காட்டும் பழைய நோட்ட அறிக்கையை நம்பி வாங்கக் கூடாது. அதை எழுதியவர் தம்மை அமர்த்தியவருக்கே பொறுப்பானவர். அந்தப் பொறுப்பும் தொனிக்க வேண்டும் என்பதால் கலநோட்டக்காரர் என்பதைவிடக் கலநோட்டர் சுருக்கமாகவும் மதிப்பாகவும் படுகிறது. ஒலியில் உறுத்துகிறது என்றால் வேறு வடிவம் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.