ஒன்றரை அடி தொட்டியில் என்ன வளர்க்கலாம்?

தக்கலைக்காரன்:
மீன்களைக் கொடுத்துவிட்டதால் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது. நீளம் ஒன்றரை அடி, அகலமும் உயரமும் ஒரு அடி. மகளுக்கு ஆமை வேண்டுமாம். கடையில் கேட்டால் நட்சத்திர ஆமை 'ஏற்பாடு பண்ணலாம்' என்கிறார்கள், இல்லையென்றால் ஆக்சலாட்டலாம் (பல்லி மாதிரி உருவத்தில் தண்ணீரிலேயே வாழும் பிராணி). வீட்டில் ஏசி கிடையாது. எது சரிப்படும்?

வேளிமலை:
நட்சத்திர ஆமையை விடுங்க அண்ணே. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது அது. ஏற்பாடு பண்ணுகிறவர் காசோடு போய்விடுவார், கேஸ் உங்கள் மேல்தான் வரும். குளத்தில் பிடிக்கிற நம்மூர் ஆமையும் வேண்டாம். கடையில் பச்சைக் குஞ்சாக விற்கிற சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20 வருஷத்துக்கு மேல் வாழும். உங்கள் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது.

குளச்சல் கடற்கரை:
ஆக்சலாட்டல் மெக்சிகோவின் மேட்டுநிலத்து ஏரி உயிரி. தண்ணீர் 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும், 24-ஐத் தாண்டினால் நோய்தான். நம்ம ஊர் மார்ச், ஏப்ரலில் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாமல் நடக்காது. சைட்டிஸ் என்கிற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

ரப்பர் தோட்டம்:
அந்தத் தொட்டிக்குச் சரியானது பேக்மேன் தவளை, ஒன்றே ஒன்று. இரண்டு விட்டால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். தென்னமெரிக்கத் தவளை இது. 24 முதல் 28 டிகிரியும் ஈரக்காற்றும் போதும், நம்ம ஊரே பாதி வேலையைச் செய்துவிடும். கோடை உச்சத்தில் மட்டும் தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையோடு வையுங்கள். நாள் முழுக்கப் புதைந்து கிடக்கும் என்பதால் தரையிடம்தான் முக்கியம், உயரம் வேண்டாம். கையில் எடுத்துக் கொஞ்சுகிற ஜாதி இல்லை, கடிக்கும். மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடியில் நாலு விரல் கனத்துக்குத் தென்னைநார்த் தூள் போடலாம். ஆனால் நார்த்தொழில் நடக்கிற இடத்தில் சும்மா அள்ளி வராதீர்கள். காயலில் (உப்பங்கழியில்) ஊறிய மட்டை உப்பைப் பிடித்து வைத்திருக்கும், தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. பல முறை அலசிப் பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது. மேலே இறுக்கமான வலை மூடி போடுங்கள். எங்கே வளர்த்த குஞ்சு என்று எழுதிய ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

தக்கலைக்காரன்:
சரி, தீனி? வீட்டுக் கரப்பான் போதுமா?

ரப்பர் தோட்டம்:
வேண்டாம். யார் வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ! மண்புழு கொடுக்கலாம், அதுவும் உரம், மருந்து படாத மண்ணில் இருந்து. அப்புறம் கடையில் வளர்த்த சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி), அதில் கால்சியம் பொடி தூவி. பெரிய தவளைக்கு வாரம் இரண்டு முறை போதும். பார்க்கிற நேரமெல்லாம் போட்டால் கொழுத்துச் சாகும்.

வேளிமலை:
தொட்டி கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீங்க அண்ணே. வெளியூர்த் தவளையிடம் இருக்கிற பூஞ்சை நோய் நம்ம மலைத் தவளைகளுக்குப் போய்விடும். பிளீச்சிங் பவுடர் கலந்து கொஞ்ச நேரம் வைத்து, கழிவறையில் ஊற்றுங்கள்.