வீட்டுக் குழுவில் ஒரு காலை: வாலிநோக்கத்தில் இறங்கிய கறுப்பு மண்

சித்தப்பா வாலிநோக்கம்: பேஸ்மட்டம் நிரப்ப மண் வந்துவிட்டது. இரண்டு லோடு. கிராவல் விலையில் பாதிதான். பழைய இரும்புக் கிடங்கு இருந்த இடத்து மண்ணாம்.
[புகைப்படம்]

சாயல்குடி மதினி: மண் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது?

சித்தப்பா வாலிநோக்கம்: டீசல் வாடை அடிக்கிறது. வெயில் பட்டால் போய்விடும். மண்டபத்திலிருந்து வந்த அக்காவும் இரண்டு சித்தாள்களும் அள்ளிப் போடுகிறார்கள். பிள்ளைகள் மேலே ஏறிக் குதிக்கிறார்கள்.

நான்: சித்தப்பா, பிள்ளைகளை உடனே இறக்குங்கள். அள்ளுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கேபிள் எரித்துச் செம்பு எடுத்தார்களா, டிரான்ஸ்பார்மர் உடைத்தார்களா என்று லாரிக்காரரிடம் கேளுங்கள்.

பெரியப்பா தொண்டி: ஆத்தா, மண்ணைத் தின்னவா போகிறார்கள்? உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் நமக்கு. கழுவினால் போய்விடும்.

நான்: பெரியப்பா, தோல் தண்ணீரைத் தடுக்கிற அளவுக்கு எண்ணெயைத் தடுக்காது. மேல்தோலில் செல்களுக்கு இடையே இருப்பது கொழுப்பு. கொழுப்பில் கரையும் நஞ்சு அந்த வழியாகவே உள்ளே இறங்கும். கழிவு எண்ணெயிலும் எரித்த கரியிலும் இருப்பது அந்த வகைதான்.

நான்: தோலில் ஒட்டிய மண்ணிலிருந்து எவ்வளவு நஞ்சு உடம்புக்குள் போகும் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. கரியில் இருக்கும் பென்சோபைரீன் என்ற நஞ்சுக்கு 13 சதவீதம். பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றின் எண்ணெயில் இருக்கும் பிசிபி என்ற ரசாயனத்துக்கு 14. ஆர்செனிக்குக்கு 3. காட்மியம் என்ற உலோகத்துக்கு 0.1தான். பிள்ளைகளின் தோலில் மண் ஒட்டுவது பெரியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும் அதே கணக்கில் இருக்கிறது.

சாயல்குடி மதினி: பேட்டரி ஈயம்?

நான்: அது தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் போகும், மதினி. நகக்கண்ணில் தங்கி வாய்க்குப் போகும். சின்னவன் விரல் சூப்புகிறவன், அவனுக்கு நகம் வெட்டிவிடுங்கள்.

அத்தை மண்டபம்: கடல்பாசி எடுக்கும்போது பாறை கிழித்த விரல் எரிகிறது. துணி சுற்றிக்கொண்டுதான் அள்ளினேன்.

நான்: அத்தை, அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிடுங்கள். வேர்வையில் நனைந்த துணி அந்த மண்ணைத் தோலோடு பற்றுப் போட்டதுபோல் பிடித்து வைத்திருக்கும். காயம் பட்ட இடத்தில் தடுப்பே கிடையாது. சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள். நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

சித்தப்பா வாலிநோக்கம்: பிசுக்குப் போக மண்ணெண்ணெய் போட்டுக் கழுவலாம் என்கிறார் கொத்தனார்.

நான்: வேண்டவே வேண்டாம்! மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பைக் கரைத்துவிடும், நஞ்சு இன்னும் எளிதாக உள்ளே போகும். பட்டறைகளில் டீசலில் கை கழுவுகிற நம் பையன்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா தொண்டி: இப்படித் தோல் வழியாகப் போய் யாருக்காவது நோய் வந்திருக்கிறதா?

நான்: வந்திருக்கிறது, பெரியப்பா. லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைத்த சிறுவர்களுக்கு, வளர்ந்த பிறகு இடுப்புக்குக் கீழே தோல் மடிப்பில் புற்றுநோய் வந்தது. கரி அங்கே தங்கியதுதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதிவைத்தார். அவர்களும் கரியைத் தின்னவில்லை. ஒரு நாள் தொட்டால் புற்றுநோய் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மண் பேஸ்மட்டத்துக்குள் போனால் முற்றத்திலும் வாசலிலும் சிந்திக் கிடக்கும். பிள்ளைகள் வருடக்கணக்கில் அதன்மேல் வெறுங்காலோடு நடப்பார்கள்.

சித்தப்பா வாலிநோக்கம்: லாரிக்காரர் பேசினார். கேபிள் எரித்த இடம்தானாம். டிரான்ஸ்பார்மர் பற்றித் தெரியாதாம்.

சாயல்குடி மதினி: அப்படியானால் திருப்பி அனுப்புங்கள். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, மழை வந்தால் அதில்தான் இறங்கும்.

பெரியப்பா தொண்டி: தம்பி, அனுப்பிவிடு. கிராவலுக்குப் பணம் நான் போடுகிறேன். சித்தாள்களுக்கு இன்றைய கூலியைக் குறைக்காதே.

நான்: நன்றி, பெரியப்பா. சித்தப்பா, அந்தச் சித்தாள்களும் வீட்டுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும், மாற்றுச் சேலை கொடுங்கள். அள்ளிய துணிகளைத் தனியாகத் துவையுங்கள். தலையில் வைத்த சும்மாட்டைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

அத்தை மண்டபம்: கழுவிவிட்டேன். எரிச்சல் குறையவில்லை.

நான்: ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு இப்போதே போங்கள், அத்தை. என்ன மண்ணை அள்ளினீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சித்தப்பா வாலிநோக்கம்: லாரி மூன்று மணிக்கு வருகிறது. அதுவரை தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறேன்.

நான்: ஏற்றும்போது ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடாமல் யாரும் கிட்டே போக வேண்டாம். அடியில் நம் மணல் கறுத்திருந்தால் அதையும் சுரண்டி ஏற்றிவிடுங்கள். வேறு வீட்டில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்று லாரிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வண்டி எண்ணை எனக்கு அனுப்புங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்று மாலையே மனு எழுதுகிறேன்.